ரிலே நோடு கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதுமா?

தேன்மொழி_இசிஇ:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக ரிலே சிமுலேஷன் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அமைப்பு எளியதுதான்: அனுப்பும் நோடு (ரேடியோ கருவி) ஒன்று, பெறும் நோடு ஒன்று, நடுவில் கேட்டதை வாங்கிக் கடத்தும் ஒரு ரிலே. மூன்று லிங்க்கிலும் ரேலி ஃபேடிங், அதாவது சிக்னல் பலம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஏறி இறங்கும். முதல் ஸ்லாட்டில் (நேரத் துண்டில்) அனுப்பும் நோடு பேசுகிறது, மற்ற இரண்டும் கேட்கின்றன. இரண்டாவது ஸ்லாட்டில் ரிலே தான் கேட்ட பிட்டுகளை டீகோட் செய்து மறுபடி மாடுலேட் செய்து அனுப்புகிறது. பெறும் இடத்தில் இரண்டையும் எம்ஆர்சி முறையில், பலமான சிக்னலுக்கு அதிக எடை கொடுத்து, சேர்க்கிறேன்.

இரண்டு தனித்தனிப் பாதை இருப்பதால் டைவர்சிட்டி 2 வரவேண்டும், அதாவது எஸ்என்ஆரை (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை) 10 டிபி, 10 மடங்கு, கூட்டினால் பிழை 100 மடங்கு குறைய வேண்டும் என்று கைடு சொல்கிறார். எனக்கு 10 மடங்குதான் குறைகிறது. பிழை வரைபடத்தின் கோடு கொஞ்சம் கீழே இறங்குகிறதே தவிர சரிவு ரிலே இல்லாத கோட்டின் சரிவு மாதிரியேதான் இருக்கிறது. இதில் எனக்குப் புரியாதது, அதே நிரலில் ரிலே எதையும் டீகோட் செய்யாமல் வந்த சிக்னலைப் பெருக்கி மட்டும் அனுப்பினால் சரிவு ஒழுங்காக 2 வருகிறது. இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிற ரிலே, இரைச்சலை நீக்கிவிட்டு அனுப்புகிற ரிலேவை எப்படி மிஞ்ச முடியும்?

பழைய_மோடம்:

உங்கள் நிரல் சரியாகத்தான் ஓடுகிறது. எந்தச் சோதனையும் இல்லாமல் எப்போதும் டீகோட் செய்து அனுப்பும் ரிலேவுக்கு டைவர்சிட்டி 1தான். லேன்மன், ட்சே, வோர்னெல் மூவரும் 2004ல் எழுதிய கூட்டு டைவர்சிட்டிக் கட்டுரை இதை அவுட்டேஜ் (லிங்க் போதாமல் இணைப்பு தவறும் வாய்ப்பு) கணக்கில் தெளிவாகவே காட்டியது.

காரணம் இதுதான். அனுப்பும் நோடுக்கும் ரிலேவுக்கும் இடையில் இருப்பதும் ஒற்றை ஃபேடிங் லிங்க்தான். அது படுத்துவிடும் வாய்ப்பு எஸ்என்ஆருக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. படுத்த நேரத்தில் ரிலே தவறான பிட்டை எடுத்து, அதைப் புத்தம்புது சிக்னலாக முழு பலத்தோடு அனுப்புகிறது. பெறும் நோடு ரிலேவிலிருந்து தனக்கு வரும் லிங்க் எவ்வளவு பலமானது என்பதை மட்டும் பார்த்து எடை போடுகிறது. அது பலமாக இருந்தால் ரிலே சொன்ன பொய்யை நம்பி, நேராக வந்த உண்மையைத் தள்ளிவிடுகிறது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சரியாகக் காதில் விழாத ஒருவர் தவறான பிளாட்ஃபார்ம் எண்ணைச் சந்தேகமே இல்லாத குரலில் நமக்குச் சொல்வது போல. பெருக்கி அனுப்பும் ரிலேவில் இந்தச் சிக்கல் இல்லை. அது சந்தேகத்தையும் சேர்த்தே அனுப்புகிறது, பெறும் இடத்தில் மொத்த இரைச்சலைக் கணக்கில் எடுத்து எடையைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரிசெய்ய மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, பாக்கெட்டோடு சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு பிட்டுகள்) வையுங்கள், சரிபார்ப்பு தேறினால் மட்டும் ரிலே பேசட்டும், இல்லாவிட்டால் அந்த ஸ்லாட்டில் அனுப்பிய நோடே மறுபடி பேசட்டும். அதற்கே சரிவு 2 வந்துவிடும். இன்னொன்று, பெறும் நோடு கிடைக்கவில்லை என்று சொன்னால் மட்டும் ரிலே பேசுவது. நேர் லிங்க் நன்றாக இருக்கும் பெரும்பாலான நேரத்தில் இரண்டாவது ஸ்லாட்டே செலவாகாது, எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழிதான். சிஆர்சி இல்லாமல் பிட் அளவிலேயே செய்தாக வேண்டும் என்றால் எம்ஆர்சி எடையை மாற்றுங்கள். ரிலே வழியாக வரும் சிக்னலின் எடையை, இரண்டு தாவல்களில் (அனுப்புநரிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பெறுநர்) எது பலவீனமோ அதன் எஸ்என்ஆருக்கும் கடைசித் தாவலின் எஸ்என்ஆருக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கிவிடுங்கள். முதல் தாவல் படுத்திருந்தால் ரிலேவின் சொல்லுக்கு மதிப்பு தானாகக் குறையும்.

தேன்மொழி_இசிஇ:

மிக்க நன்றி சார். எடையை மாற்றிப் பார்த்தேன், சரிவு உடனே மாறிவிட்டது. அடுத்து சிஆர்சி வழியையும் எழுதப் போகிறேன்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு கேள்வி. ப்ராஜெக்ட் தலைப்பில் கூட்டுக் குறியாக்கம் என்று இருக்கிறது. ரிலே சரியாக டீகோட் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அதே பாக்கெட்டை அனுப்பினால் போதாதா? குறியாக்கம் எங்கே நுழைகிறது?

பாரிட்டிபிட்:

இந்த இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரிலே அதே பிட்டுகளைத் திருப்பி அனுப்புவதும் ஒரு குறியாக்கம்தான், ரிப்பீட்டிஷன் கோடு (code). இருப்பதிலேயே பலவீனமான கோடு அது. ரிலே பாக்கெட்டை முழுதாகத் தெரிந்துகொண்டுவிட்டது என்றால், அனுப்பிய நோடு எதை எல்லாம் கணக்கிட முடியுமோ அதை எல்லாம் ரிலேவும் கணக்கிட முடியும். அப்படியிருக்க, ஏற்கனவே காற்றில் போன பிட்டையே ஏன் அனுப்ப வேண்டும்? இதுவரை யாரும் அனுப்பாத பாரிட்டியை, அதாவது தரவிலிருந்து கணக்கிட்ட கூடுதல் பிட்டுகளை, அனுப்பட்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நேர் லிங்க்கிலும் ரிலே லிங்க்கிலும் எஸ்என்ஆர் 3 என்று வைத்துக்கொள்வோம், டிபியில் இல்லை, நேரடி விகிதம். அதையே திருப்பி அனுப்பினால் பெறும் இடத்தில் எஸ்என்ஆர் கூடி 6 ஆகிறது, கடத்தக்கூடிய தகவல் எஸ்என்ஆரோடு 1 கூட்டி 2ஐ அடிமானமாகக் கொண்டு எடுத்த லாக், இங்கே லாக் 7, அதாவது சுமார் 2.81 பிட். புதிய பாரிட்டி அனுப்பினால் இரண்டு ஸ்லாட்டும் தனித்தனியாகத் தகவல் கொடுக்கின்றன: லாக் 4 இரண்டு தடவை, 4 பிட். அதே மின்சக்தி, அதே நேரம். ஹெச்ஏஆர்கியூ (பிழையான பாக்கெட்டுக்கு மறுபடி அனுப்பிப் பழையதோடு சேர்க்கும் முறை) படித்திருந்தால் இது உங்களுக்குப் பழகிய கதை. எல்டிஈயிலும் 5ஜியிலும் மறுபடி அனுப்பும்போது சர்க்குலர் பஃபரிலிருந்து வேறு ரிடண்டன்சி வெர்ஷனை (வேறு பாரிட்டித் தொகுப்பை) எடுத்து அனுப்புவது இதே காரணத்துக்குத்தான். அங்கே ஒரே ஆன்டெனா வேறு நேரத்தில் அனுப்புகிறது. இங்கே வேறு ஆன்டெனா வேறு இடத்திலிருந்து அனுப்புகிறது, அதனால் கோடிங் லாபத்தோடு டைவர்சிட்டியும் வருகிறது.

ஹன்டரும் நொசரத்தினியாவும் 2000களின் தொடக்கத்தில் முன்வைத்த கோடட் கோஆப்பரேஷனில் தனியாக ரிலே என்று ஒன்று கிடையாது. இரண்டு பயனர்கள், இருவருக்கும் சொந்தத் தரவு உண்டு, ஒருவருக்கொருவர் ரிலேவாக இருக்கிறார்கள். உதாரணத்துக்கு ஒவ்வொருவரிடமும் சிஆர்சி சேர்த்து 128 பிட், கோடு விகிதம் 1/4, ஆக 512 பிட். அதை இரண்டாக வெட்டுகிறார்கள். முதல் 256 பிட்டைத் தனியாக எடுத்தாலும் அது விகிதம் 1/2 உள்ள நல்ல கோடாக இருக்க வேண்டும், பங்க்சரிங் செய்த (சில பிட்டுகளை விட்டுவிட்ட) கன்வல்யூஷனல் கோடில் இது எளிது. முதல் ஃபிரேமில் அவரவர் முதல் பாதியை அனுப்புகிறார்கள். கூட்டாளியுடையதை டீகோட் செய்து சிஆர்சி தேறினால், இரண்டாவது ஃபிரேமில் கூட்டாளியின் மீதி 256 பாரிட்டியைக் கணக்கிட்டு அனுப்புகிறார். தேறாவிட்டால் தன்னுடைய மீதியையே அனுப்புகிறார். யாருக்கும் கூடுதல் நேரமோ மின்சக்தியோ செலவாகவில்லை. ஒவ்வொருவரும் மொத்தம் 512 பிட்தான் அனுப்பினார்கள்.

தேன்மொழி, நீங்கள் கேட்ட சரிவு இரண்டு முறையிலும் 2தான். வரைபடக் கோடு எவ்வளவு இடப்பக்கம் நகர்கிறது என்பதில்தான் குறியாக்கத்தின் வேலை தெரியும்.

மலைச்சரிவு_மெஷ்:

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் களத்தில் நிற்பவன் சார்பில் ஒரு எதிர்வாதம் வைக்கிறேன். மலைச்சரிவில் இருக்கும் தோட்டத்தில் மண் ஈரம், மழை அளவு அனுப்பும் சென்சார்களைப் பராமரிப்பது என் வேலை. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோக்கள். நடுவில் இருக்கும் நோடு கேட்டதை அப்படியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அது நன்றாகவே வேலை செய்கிறது. பாரிட்டி கணக்கிடு, கூட்டாளியைக் கேள் என்று ஏற்ற ஆரம்பித்தால் நிரலும் பெருக்கும், பேட்டரியும் தீரும். பேட்டரி மாற்ற மேலே ஏறுகிற ஆளைப் பற்றி யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை.

பாரிட்டிபிட்:

உங்கள் இடத்தில் நீங்கள் செய்வது சரி, அதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. மேலே எஸ்என்ஆர் 3க்குப் போட்டதை 0.1க்குப் போடுங்கள். திருப்பி அனுப்பினால் லாக் 1.2, அதாவது 0.263. புதிய பாரிட்டி என்றால் லாக் 1.1 இரண்டு தடவை, 0.275. வித்தியாசம் 5 சதவீதத்துக்கும் கீழே. சிக்னல் இரைச்சலுக்குக் கீழே கிடக்கும் குறைந்த வேக ரேடியோவில் ஆற்றல் சேருவதுதான் பெரிய லாபம், எந்த பிட்டாக அது சேர்ந்தால் என்ன. எஸ்என்ஆர் நன்றாக இருந்து, வேகமும் அதிகம் வேண்டும் என்கிற இடத்தில்தான் திருப்பிச் சொல்வது வீண் செலவு.

பழைய_மோடம்:

இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிலே வைத்தாலே லாபம் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது.

தூரத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் ரிலே வைக்கிறோம். பாத் லாஸ் எக்ஸ்போனன்ட் (தூரத்தோடு சிக்னல் தேயும் அடுக்கு) 4 என்றால் ஒவ்வொரு தாவலிலும் சிக்னல் 16 மடங்கு, சுமார் 12 டிபி கூடும். ஆனால் ரிலே ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே பேச முடியாது, அரை டியூப்ளெக்ஸ். அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் பாதி நேரம்தான், பாதி நேரத்தில் இரட்டை வேகத்தில் அனுப்ப வேண்டும். ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 1 பிட் வேண்டும் என்றால் தேவையான எஸ்என்ஆர் 1லிருந்து 3 ஆகும், 4.8 டிபி செலவு. 12 வந்தது, 4.8 போனது, லாபம்தான். அதுவே 4 பிட் வேண்டும் என்றால் தேவை 15லிருந்து 255 ஆகும். 17 மடங்கு, 12.3 டிபி. வந்த 12ம் போய்க் கூடுதலாகவும் போனது. நேர் சிக்னலைச் சேர்க்காத எளிய ரிலேவுக்கு இது பொருந்தும். கட்டடங்கள் மறைத்து நேர் பாதையே செத்துக் கிடக்கும் இடம் என்றால் கதை வேறு, அங்கே ரிலே இல்லாமல் முடியாது. நேர் லிங்க் சுமாராக இருக்கும் இடத்தில் வேகத்துக்காக ரிலே வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வையுங்கள்.

ஹாப்கவுண்ட்:

அந்த அரை டியூப்ளெக்ஸ் இழப்பைத் திரும்பப் பிடிக்கும் வழியை யாரும் சொல்லவில்லையே. இருவழிப் போக்குவரத்து இருந்தால் எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) இருக்கிறது.

ஏ நோடுக்கு பியிடம் ஒரு பாக்கெட் அனுப்ப வேண்டும், பிக்கு ஏயிடம் ஒன்று. நடுவில் ரிலே. வழக்கமாக 4 ஸ்லாட்: ஏயிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பி, பியிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஏ. ரிலே இரண்டு பாக்கெட்டையும் வாங்கிவைத்து, பிட் பிட்டாக எக்ஸார் செய்து ஒரே தடவை பரப்பினால் 3 ஸ்லாட் போதும். ஏயிடம் தான் அனுப்பியது இருக்கிறது, அதோடு மறுபடி எக்ஸார் செய்தால் பியின் பாக்கெட் கையில். பியும் அதே மாதிரி. அல்ஸ்வேடே, காய், லி, யுங் நால்வரும் 2000ல் நெட்வொர்க் கோடிங்குக்கு (நடு நோடு பாக்கெட்டுகளைக் கலந்து அனுப்பும் முறைக்கு) போட்ட அடித்தளம் கம்பி வலைக்கானதாக இருந்தாலும், ஒரு தடவை பேசினால் எல்லோருக்கும் கேட்கும் வயர்லெஸ்ஸில்தான் அது இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

எம்ஐடியில் 2006ல் கோப் என்ற பெயரில் இதை 20 நோடுகள் கொண்ட உண்மையான வைஃபை மெஷ்ஷில் ஓட்டிக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 4லிருந்து 3 என்றால் லாபம் 1.33 மடங்கு என்றுதானே தோன்றும்? நெரிசலில் 2 மடங்கு வரை போகும். வைஃபையின் மேக் (யார் எப்போது பேசுவது என்று தீர்மானிக்கும் அடுக்கு), போட்டியிடும் மூன்று நோடுகளுக்கும் காற்றைச் சமமாகப் பங்கு போடுகிறது. ரிலேவுக்கோ இரண்டு பேருடையதையும் கடத்தப் பாதி நேரம் வேண்டும், கிடைப்பதோ மூன்றில் ஒன்று. அதனால் வந்ததில் பாதி அதன் க்யூவிலேயே நிரம்பி வழிந்து தொலைகிறது. எக்ஸார் செய்தால் ரிலேவுக்கும் மூன்றில் ஒன்றே போதுமானதாகிவிடுகிறது.

மலைச்சரிவு_மெஷ்:

அதே சோதனையில் டிசிபி (பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பும் நெறிமுறை) ஓட்டியபோது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

ஹாப்கவுண்ட்:

சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அப்படிக் குறைக்காத யுடிபியில் நெரிசலான நேரத்தில் 3, 4 மடங்கு வரை கிடைத்தது. டிசிபியில் 2, 3 சதவீதம்தான். ஒருவரையொருவர் கேட்காத நோடுகள் மோதிக்கொள்வதால் பாக்கெட் தொலைந்தது, டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கியது, க்யூவில் பாக்கெட் சேரவே இல்லை. ஜோடி சேர்க்க இரண்டு பாக்கெட் இருந்தால்தானே எக்ஸார் செய்ய முடியும். நோடுகளை நெருக்கி வைத்து அந்த மோதலை நீக்கியபோது டிசிபியிலும் லாபம் தெரிந்தது.

மலைச்சரிவு_மெஷ்:

என் இரண்டாவது கேள்வி, ஒட்டுக்கேட்கும் செலவு. ஏ, பி எளிய உதாரணம், தான் அனுப்பியதே தன்னிடம் இருக்கிறது. மற்ற அமைப்புகளில் பக்கத்து நோடுகளின் பாக்கெட்டை எல்லாம் கேட்டுச் சேர்த்துவைக்க வேண்டும். சென்சார் உலகில் எல்லோருக்கும் தெரிந்த சிசி2420 சிப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். கேட்கும்போது 18.8 மில்லிஆம்பியர், 0 டிபிஎம்மில் (1 மில்லிவாட் பலத்தில்) அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர். கேட்பதற்குத்தான் கூடுதல் மின்சாரம். ஒரு பாக்கெட் அனுப்புவதை மிச்சப்படுத்த நாலு பாக்கெட்டைக் கேட்க வேண்டும் என்றால் அது எனக்கு நஷ்டம். கட்டுரைகளில் மிச்சமான ஸ்லாட்டை மட்டும் எண்ணுகிறார்கள்.

பழைய_மோடம்:

இது நியாயமான வாதம், நானும் ஒப்புக்கொள்கிறேன். சுவரில் செருகிய மெஷ் ரவுட்டருக்கும் தூங்கி எழும் சென்சாருக்கும் ஒரே விதி கிடையாது. லினக்ஸில் பேட்மேன் அட்வான்ஸ்டு என்ற மெஷ் மென்பொருளுக்குள் 3.10 கெர்னலில், 2013ல், எக்ஸார் அடிப்படையிலான நெட்வொர்க் கோடிங் வந்தது. அதற்கே இன்டர்ஃபேஸை ப்ரொமிஸ்குவஸ் மோடில் வைத்து எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது.

தேன்மொழி_இசிஇ:

நான் ஒரு இடத்தில் நிற்கிறேன். 3 ஸ்லாட்டை 2 ஆக்கலாம் என்று படித்தேன், இருவரையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லி. மோதல் என்றால் இரண்டும் கெட்டுப்போகும் என்றுதானே இதுவரை படித்தோம்?

ஹாப்கவுண்ட்:

பிசிகல் லேயர் நெட்வொர்க் கோடிங். ஹாங்காங்கில் ஜாங், லியூ, லாம் மூவரும் 2006ல் முன்வைத்தது. பிபிஎஸ்கே எடுத்துக்கொள்ளுங்கள், பிட் ஒவ்வொன்றும் +1 அல்லது −1. இரண்டு அலையும் ஒரே கட்டத்தில் (phase), ஒரே பலத்தில் ரிலேவில் சேர்ந்தால் +2, 0, −2 மூன்றில் ஒன்று வரும். 0 வந்தால் இரண்டு பிட்டும் வேறு வேறு, எக்ஸார் 1. மற்ற இரண்டில் எது வந்தாலும் பிட்டுகள் ஒன்றே, எக்ஸார் 0. யார் எதை அனுப்பினார் என்று ரிலேவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எக்ஸார் மட்டும் தெரிந்தால் போதும், அதைப் பரப்பிவிடும். 2 ஸ்லாட்டில் முடிந்தது.

பாரிட்டிபிட்:

இதில் கோடிங் எப்படி உட்காருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே லீனியர் கோடைப் பயன்படுத்த வேண்டும். அப்போது இரண்டு கோடுவேர்டுகளின் எக்ஸாரும் அதே கோடின் இன்னொரு கோடுவேர்டு, ரிலே அதை நேரடியாக டீகோட் செய்து இரைச்சலை நீக்கலாம். நாசரும் காஸ்ட்பாரும் 2011ல் கம்ப்யூட் அண்ட் ஃபார்வர்டு என்று லாட்டிஸ் கோடுகளுக்கு விரித்தது இந்தப் பண்பைத்தான். ஆனால் இருவரின் கேரியர் கட்டமும் நேரமும் ரிலேவின் ஆன்டெனாவில் ஒத்துப்போக வேண்டும். இரண்டு வேறு கிரிஸ்டலிலிருந்து வரும் சிக்னல்களை அப்படிப் பிடித்துவைப்பது கடினமான பொறியியல். ப்ராஜெக்ட்டில் இதைச் சேர்ப்பதாக இருந்தால் கட்ட விலகல் 0 என்று வைத்து ஒரு கோடு வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள், 45 டிகிரி, 90 டிகிரி விலகலுக்கும் வரையுங்கள். அப்போதுதான் தேர்வாளர் கேட்கும்போது பதில் இருக்கும்.

கோபுரம்7:

மொபைல் நெட்வொர்க் பக்கம் வேலை செய்கிறேன். எல்டிஈ அட்வான்ஸ்டு ரிலீஸ் 10ல் வந்த ரிலே நோடும், 5ஜி ரிலீஸ் 16ல் வந்த ஐஏபியும் (கம்பியில்லாமலே நெட்வொர்க்கோடு இணையும் கோபுரம்) ஒவ்வொரு தாவலிலும் முழுதாக டீகோட் செய்து புதிதாக அனுப்பும் வகைதான். நேர் சிக்னலோடு சேர்ப்பதும் இல்லை, கூட்டாளியின் பாரிட்டியும் இல்லை. 1979ல் தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால் இருவரும் டீகோட் செய்து அனுப்புவது, சுருக்கி அனுப்புவது என்று அத்தனையும் எழுதிவைத்த பிறகும் தொழில்துறை ஏன் இந்த எளிய இடத்தில் நின்றுவிட்டது?

பழைய_மோடம்:

என் பார்வை இது. தாவலுக்குத் தாவல் டீகோட் செய்தால் ஒவ்வொரு லிங்க்கையும் தனியாக ஷெட்யூல் செய்யலாம், தனியாக மறுபடி அனுப்பலாம், வேறு நிறுவனத்தின் கருவியோடு இணைக்கலாம். கூட்டுக் குறியாக்கம் என்றால் மூன்று கருவிகள் ஒரே பாக்கெட்டைப் பற்றி ஒரே நேரத்தில் ஒத்த புரிதலோடு இருக்க வேண்டும், யாருக்கு எது தெரியும் என்ற செய்தியே காற்றில் இடம் பிடிக்கிறது. ரிலே பெறுநருக்குப் பக்கத்தில் இருந்தால் சுருக்கி அனுப்புவதும், அனுப்புநருக்குப் பக்கத்தில் இருந்தால் டீகோட் செய்வதும் நல்லது என்று தெரிந்திருந்தும், நகரும் பயனருக்கு அந்தத் தேர்வை ஒவ்வொரு கணமும் மாற்றுவது சுலபமில்லை. கோட்பாட்டுப் பக்கமே வேலை முடியவில்லை. வான் டெர் மியூலன் 1971ல் தொடங்கிவைத்த மூன்று முனை ரிலே சேனலின் பொதுவான கொள்ளளவு இன்றுவரை தீர்க்கப்படாத கணக்கு.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. யாருக்கு எது தெரியும் என்ற செய்தியே தேவைப்படாத வழி ஒன்று உண்டு, ராண்டம் லீனியர் கோடிங். 2007ல் எம்ஐடியின் மோர் (MORE) என்ற நெறிமுறை அதில்தான் அமைந்தது. 32 பாக்கெட்டை ஒரு தொகுதியாக எடுத்து, ஒவ்வொரு ரிலேவும் தனக்குக் கேட்டதை எல்லாம் ராண்டமான எண்களால் பெருக்கிக் கூட்டி அனுப்புகிறது. இரண்டு ரிலேக்கள் பேசிவைத்துக்கொள்ளாமலே வேறு வேறு சேர்க்கைகளை அனுப்பும். பெறும் நோடுக்கு எந்த 32 வந்தாலும் சரி, ஒன்றையொன்று சாராமல் இருந்தால் சமன்பாடுகளைத் தீர்த்துவிடலாம். 256 உறுப்புள்ள ஃபீல்டில் (பெருக்கும் எண்களை எடுக்கும் தொகுப்பில்) ராண்டமாக எடுத்த 32 சேர்க்கைகள் தீரும் வாய்ப்பு 99.6 சதவீதம். வெறும் 0, 1 என்று எக்ஸாரில் எடுத்தால் 29 சதவீதம்தான், அதனால்தான் பெரிய ஃபீல்டு. அந்தப் பெருக்கும் எண்களை, அதாவது குணகங்களை, சுமக்க 1500 பைட் பாக்கெட்டில் 32 பைட், 2 சதவீதச் சுமை.

மலைச்சரிவு_மெஷ்:

என் பாக்கெட்டே 20 பைட்டுதான் சார். அதில் 32 பைட் குணகமா?

பழைய_மோடம்:

உங்களுக்குத் தொகுதியை 4 ஆக வையுங்கள், 4 பைட் போதும். அல்லது குணகத்துக்குப் பதிலாக ராண்டம் எண்களை உருவாக்கும் தொடக்க எண்ணை (சீடு) மட்டும் ஒரு பைட்டில் அனுப்பலாம், மூல நோடிலிருந்து நேராக வருவதற்கு அது சரிப்படும். ரிலே மறுபடி கலக்கும் இடத்தில் சீடு உதவாது, குணகங்களையே அனுப்பியாக வேண்டும்.

தேன்மொழி_இசிஇ:

கடைசியாக ஒன்று. கோடட் கோஆப்பரேஷனில் ஒருவர் டீகோட் செய்து, மற்றவர் செய்ய முடியாமல் போனால் இரண்டாவது ஃபிரேமில் இருவருமே ஒரே ஆளின் பாரிட்டியை அனுப்புவார்கள் அல்லவா? பெறும் நோடுக்கு அது எப்படித் தெரியும்?

பாரிட்டிபிட்:

ஆமாம், அந்த நிலையில் ஒருவரின் இரண்டாம் பாதி இரண்டு முறை வரும், மற்றவருடையது வரவே வராது. நான்கு நிலைகள் உண்டு: இருவரும் தேறினது, இருவரும் தேறாதது, இவர் மட்டும், அவர் மட்டும். எளிய வழி இரண்டாவது ஃபிரேமின் தலையில் நன்றாகப் பாதுகாத்த ஒரு பிட், யாருடைய பாரிட்டி இது என்று. அதுவும் வேண்டாம் என்றால் பெறும் நோடு நான்கு நிலைகளையும் வாய்ப்பு அதிகமான வரிசையில் ஒவ்வொன்றாக வைத்து டீகோட் செய்து பார்த்து, சிஆர்சி தேறும் இடத்தில் நிறுத்தலாம். கூட்டாளிகளுக்கு இடையிலான லிங்க் நன்றாக இருந்தால் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே முடிந்துவிடும். சிமுலேஷனில் இந்த வரிசையைச் சும்மா தெரியும் என்று வைத்துக்கொள்ளாமல் உண்மையாகவே எழுதுங்கள், கூட்டாளி லிங்க்கை 0 டிபியிலிருந்து 20 டிபி வரை மாற்றி ஓட்டுங்கள். கூட்டாளி லிங்க் மோசமாகும்போது, கூட்டே இல்லாத நிலைக்கு பிழை விகிதம் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்று அந்த வரைபடத்தில் தெரியும்.